ஏரிக்குள்ள மாடு போகலாமா?

அரியலூர் மாவட்டத்துல கரைவெட்டி ஏரி இருக்கு. 1999ல பறவைகள் சரணாலயம் ஆச்சு. 2024ல ராம்சர் தளமாவும் ஆச்சு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாத்துலயும் மாடு மேய்க்கத் தடை போட்டுச்சு. அதே மாசம் அதை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்துக்கு மட்டும்னு சுருக்குச்சு.

பறவைக்கு நல்லதுதானேன்னு தோணும். ராஜஸ்தான் பரத்பூர்லயும் 1982ல எருமைகளை வெளிய நிறுத்துனாங்க. எதிர்த்த ஊர்க்காரங்க மேல போலீஸ் சுட்டதுல உயிர் போச்சு. அப்புறம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல வருஷம் ஆராய்ஞ்சப்ப தெரிஞ்சது: எருமை தின்னாத புல்லு தண்ணிப் பரப்பை மூடி, நீர்ப்பறவைக்கு இடம் குறைஞ்சிருக்கு.

அதுக்காக எத்தனை மாடு வேணா விடலாம்னு இல்ல. கூடு கட்டுற நேரத்துல மந்தை போனா பறவை தங்காது. சர்வர்ல லோடு ஏறுனா சர்வரை அணைக்க மாட்டோம், ரேட் லிமிட் வைப்போம். இங்கயும் எந்த மாசம், எந்தப் பக்கம், எத்தனை உருப்படின்னு முடிவு பண்ணணும்.

பெரம்பலூர், அரியலூர் ஊர்கள்ல மேய்க்கால் புறம்போக்கைக் காப்பாத்தாம ஏரியை மட்டும் மூடுனா, மந்தையை எங்க ஓட்டுறது? அந்தக் கணக்கு போடும்போது மேய்க்கிறவங்களும் கூட உட்காரணும்.