இலை சுடக் கூடாது

போன எபிசோடுக்கு அப்புறம் ரெண்டு மூணு பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க: ஆன்லைன்ல ஒரு டப்பா பட்டுப்புழு வாங்கிட்டோம், இப்ப அதுக்கு என்ன சாப்பாடு போடுறது, எப்படி எடுத்து வைக்கிறதுன்னு. அதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி எங்க வீட்டுல நடந்ததைச் சொல்லிடுறேன். ஏன்னா இந்த விஷயத்துல நான் ஒரு தடவை தப்புப் பண்ணி பல ஆயிரம் புழுவைக் கொன்னிருக்கேன்.

எனக்கு எம். புதுப்பட்டி. சிவகாசி பக்கம். எங்க ஊர்ல பட்டாசுக் கம்பெனிக்குப் போறதை "பயர் ஆபீஸுக்குப் போறது"ன்னுதான் சொல்லுவோம். எங்க அம்மா இருபது வருஷத்துக்கு மேல ஆபீஸுக்குப் போனவங்க. 2023 அக்டோபர் 17-ந் தேதி பக்கத்துல ரெங்கபாளையத்துல நடந்த வெடிவிபத்து உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு டஜனுக்கும் மேல செத்துப்போனாங்க, பெரும்பாலும் பொம்பளைங்க. அந்த வாரத்தோட அம்மா நின்னுட்டாங்க. யாரும் நிக்கச் சொல்லல. "இனி போவலத்தா"ன்னு ஃபோன்ல ஒரு வரி, அவ்வளவுதான்.

கிணத்தோட அரை ஏக்கர் இருந்துச்சு. அதுல வி-1 மல்பெரி வச்சோம். மைசூர்ல இருக்கிற மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம், இலை பெருசா, சதைப்பத்தா வரும். பட்டுப்புழு விவகாரமே இந்த இலைதான். அது மல்பெரியைத் தவிர வேற எதையும் சரியா சாப்பிடாது. சோறு, கீரை, முட்டைக்கோஸ்னு போட்டுப் பாத்துட்டு "சாப்பிட மாட்டேங்குது"ன்னு புலம்பாதீங்க.

கணக்கைச் சொல்றேன். ஒரு தாய்ப்பூச்சி போடுற முட்டைக் கூட்டத்துல நானூறு, ஐந்நூறு புழு இருக்கும். நாங்க ஐம்பது கூட்டம் எடுத்தோம். இருபதாயிரம் உயிர், பின்கட்டுல ஒரே ரூம்ல. புழுக்காலம் மொத்தம் 25 நாள் சொச்சம், அதுல நாலு தடவை தோலுரிக்கும். மொத்தமா அரை டன் இலைக்கு மேல வேணும். ஆனா அதுல எண்பது சதவீதத்துக்கு மேல கடைசி ஒரு வாரத்துலதான் தின்னும். அந்த வாரம் ராத்திரி ரூம் கதவைத் திறந்தா மழை பேயுற சத்தம் கேக்கும். எங்க ஊர் வானம் பாத்த ஊர். காத்து காஞ்சு கிடக்கிறதாலதான் தீப்பெட்டியும் பட்டாசும் அங்க வந்து உக்காந்துச்சு. அந்த ஊர்ல, வீட்டுக்குள்ள மட்டும் மழை.

அந்தக் காஞ்ச காத்துதான் பிரச்சனையும். பறிச்ச இலை ஒரு மணி நேரத்துல சுருண்டுடும். இலையில முக்கால் பங்கு தண்ணி இருக்கணும். புழு தனியாத் தண்ணி குடிக்காது, அதுக்குத் தண்ணியும் சோறும் அந்த இலைதான். அதனால விடியக்காலையிலயோ, வெயில் தாழ்ந்தோ பறிக்கணும்.

2025 பொங்கலுக்கு நான் சென்னையில இருந்து லீவுல போயிருந்தேன். முதல் பேட்ச், கடைசி வாரம். அம்மாவுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல். "நான் பாத்துக்கிறேன்மா"ன்னு சொன்னேன். சாயங்காலம் வண்டியில போய் மறுநாளுக்கும் சேர்த்துப் பறிச்சேன். காஞ்சுடக் கூடாதுன்னு மேல நல்லாத் தண்ணி தெளிச்சு, ரெண்டு பிளாஸ்டிக் சாக்குல அமுக்கி அமுக்கித் திணிச்சு, வாயைக் கட்டி வச்சுட்டேன். ரொம்பப் புத்திசாலித்தனமா செஞ்சதா நெனப்பு.

காலையில சாக்குக்குள்ள கைய விட்டா, சுடுது. நெசமாவே சுடுது, சோத்துப் பானை மாதிரி. பறிச்ச பிறகும் இலை மூச்சு விட்டுட்டுத்தான் இருக்கும். காத்து போகாத இடத்துல குவிச்சா அந்தச் சூடு வெளிய போகாது, இலையில இருக்கிற சத்து எரியும், புளிக்க ஆரம்பிக்கும். எனக்கு அது தெரியல. கொஞ்சம் கருத்த இலையப் பொறுக்கிட்டு மிச்சத்தை ஈரத்தோட போட்டுட்டேன்.

மூணாம் நாள் புழு தீனியை விட்டு ஒதுங்குச்சு. உடம்பு தளர்ந்து, கழிச்சல் கண்டு, தொட்டா நைஞ்சு போச்சு. பிளாச்சரின்னு சொல்லுவாங்க. கெட்ட இலை, ஈர இலை, புழுக்கம் எல்லாம் சேர்ந்தா வரும். ஐம்பது கூட்டத்துக்கு முப்பது கிலோ கூடு எதிர்பார்க்கலாம். எங்களுக்கு வந்தது பதினொண்ணு.

அம்மா திட்டுவாங்கன்னு பாத்தேன். செத்த புழுவை அள்ளிக் குழியில போட்டுச் சுண்ணாம்பு தூவிட்டு வந்து சொன்னாங்க: "ஆபீஸ்ல ஈரம் பட்ட மருந்தைக் குவிச்சு வச்சா தன்னால சூடாகிப் பத்திக்கிடும்த்தா. மிச்ச மருந்தை ராத்திரி வைக்கவே விட மாட்டாக. இலையும் அப்படித்தான்னு எனக்கு முதல்ல தோணியிருக்கணும்." தப்பு என்னோடது. அவங்க ஏன் தன்மேல எடுத்துக்கிட்டாங்கன்னு இன்னைக்கும் எனக்குப் புரியல.

இப்ப எங்க வீட்டுல இலையாப் பறிக்கிறதில்ல, தண்டோட வெட்டுறோம். இருட்டு மூலையில நிக்க வச்சு, சுத்தி ஈரச் சணல் சாக்கு. ஈரம் சாக்குல இருக்கணும், இலை மேல சொட்டக் கூடாது. நடுவுல காத்துப் போக எடம் விடணும்.

உங்க டப்பாவுக்கு வாரேன். நாலஞ்சு நாளைக்கு இலை சேர்த்து வைக்கலாம். துடைச்சு ஈரமில்லாம ஆக்கி, நனைச்சுப் பிழிஞ்ச துணியில தளர்வாச் சுத்தி, ஃபிரிட்ஜ்ல காய்கறித் தட்டுல வைங்க. எடுத்த உடனே போடாதீங்க. அறைச் சூட்டுக்கு வரட்டும், மேல வேர்த்த தண்ணியத் துடைங்க. குட்டிப் புழுவுக்குக் கொழுந்து, அதைப் பொடியா நறுக்கிப் போடணும். பெருசுக்கு முத்தின இலை. தலையத் தூக்கிட்டு அசையாம இருந்தா தோலுரிக்கப் போகுதுன்னு அர்த்தம், அப்ப தீனி வேண்டாம். ரோட்டோர மரத்து இலையா இருந்தா, மருந்து அடிச்சாங்களான்னு கேட்டுட்டுப் பறிங்க. அந்த ரூம்ல கொசுவத்தி, லிக்விட், சிகரெட் எதுவும் கூடாது. கொசுவைக் கொல்றது புழுவையும் கொல்லும்.

இலையே கிடைக்கலன்னா மாவுத் தீனி இருக்கு. 1960-கள்லயே ஜப்பான்ல செஞ்சு பாத்தது. மல்பெரி இலைப் பொடி, சோயா மாவு, அகர், விட்டமின் எல்லாம் கலந்து வேகவச்சுக் கட்டியாக்குவாங்க. ஃபிரிட்ஜ்ல வச்சுச் சீவிப் போடலாம். பொரிஞ்ச நாள்ல இருந்தே அதைக் கொடுத்துப் பழக்கணும். இலை ருசி கண்ட புழு அதைப் பெரும்பாலும் தொடாது. குட்டி ஜப்பான்னு பேர் வாங்கின ஊருக்காரி நான், அம்மாகிட்ட இதைச் சொன்னேன். "களி கிண்டிப் போடச் சொல்றியா"ன்னு கேட்டாங்க.

நேத்து ராத்திரி பேசினப்ப நாலாவது பேட்ச், கடைசி வாரம். ஃபோனைப் புழுத் தட்டுக்கிட்ட கொண்டு போய் வச்சுட்டு அம்மா எதுவும் பேசல. அந்தச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணியிருக்கேன், கடைசியில போடுறேன், ஹெட்ஃபோன்ல கேளுங்க.