தண்டனைமேல் தண்டனை



கல்வி, விவாகம், தருமம் ஆகிய விஷயங்களைப் பற்றியே நாம் இம்மேடையிற் பேசி வந்துள்ளோம். சிறைக்கூடத்தைப் பற்றிப் பேசக் கூசினோம். ஆயினும், பன்முறை குற்றஞ் செய்து சிறைபுகுந்த மகனின் பெயரையே உச்சரியாத இல்லங்கள் நம்மிடையேயும் உண்டு. “பழைய குற்றவாளிக்கு அப்பீல் எதற்கு?” என்று நாமும் கேட்டிருக்கிறோம். அக்கேள்வி தவறானதென்பதை எடுத்துரைப்பதே இன்று நம் நோக்கம்.

ஒரு தண்டனையை அனுபவித்து வருபவன் வேறொரு வழக்கிலும் தண்டிக்கப்படின், முன்னது முடிந்த பின்னரே பின்னது தொடங்கும். இரண்டும் ஏககாலத்தில் நடக்குமென நீதிபதி கட்டளையிட்டால் அவ்விதி மாறும். 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 427-ஆம் பிரிவு இதுவே. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 467-ஆம் பிரிவும் இதனையே கூறுகின்றது. ஆகவே நீதிபதியின் மௌனமே ஆண்டுகளைக் கூட்டிவிடும்.

உத்தரப் பிரதேசத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். மின்சார இலாகாவின் சாமான்களைத் திருடியதாக ஒருவர்மீது ஒன்பது வழக்குகள். ஒவ்வொன்றிலும் 2 ஆண்டுத் தண்டனை. ஏககாலம் என்னும் கட்டளை இன்மையால் அவை 18 ஆண்டுகளாயின! உயர் நீதிமன்றம் கைவிரித்தது. 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே அவற்றை ஏககாலத்தில் நடக்குமாறு ஆணையிட்டு அவரைக் காத்தது.

அப்பீலில் வாதிக்கத் தக்கவை யாவை? குற்றங்கள் ஒரே செயற்றொடரிற் பிறந்தனவா என்பது முதலாவது. அவ்வாறாயின் ஏககாலமே தக்கதென்பது நீதிமன்றங்கள் கைக்கொண்டுவரும் நெறி. ஒரே விசாரணையிற் பல குற்றங்களுக்குத் தொடர்தண்டனை விதிக்கையில் சட்டத்தின் உச்சவரம்பு மீறப்பட்டதா என்பது இரண்டாவது. புதிய சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி மொத்தம் 20 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. அந்நீதிமன்றம் ஒரு குற்றத்திற்கு விதிக்கக்கூடியதன் இருமடங்கையும் தாண்டலாகாது. ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கலாகாதென்பது மூன்றாவது. இது 2016-இல் அரசியல் சாசன அமர்வு கண்ட முடிபு.

ஆயினும் வீண் நம்பிக்கை ஊட்டுதல் தருமமன்று. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மனிதர்க்கிழைத்த குற்றங்களாயின் இவ்வாதம் மெலியும். அபராதங் கட்டாமைக்கான சிறைவாசம் ஏககாலத்திற் கழியாது. பொருளிழந்தவரின் துயரையும் நாம் மறத்தலாகாது. குற்றத்திற்குத் தண்டனை வேண்டியதே. நாம் கேட்பதெல்லாம், கூட்டுத்தொகையை ஒருவர் எண்ணிப் பார்த்து விதித்தாரா என்பதே.

காலக்கெடு மிகக் குறுகியது: செஷன்ஸ் நீதிமன்றத்திற்கு அப்பீல் செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்திற்கு 60 நாள். சிறை அதிகாரி வாயிலாகவே கைதி மனுவை அனுப்பலாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி, காவலில் உள்ளவர்க்கு இலவச வக்கீல் உதவியும் உண்டு.

அன்பர்களே! வெட்கத்தால் நாம் வாயடைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அக்கெடுவில் ஒரு நாள் கழிகின்றது. தீர்ப்பு நகலை எடுத்து வாருங்கள். உடன் அமர்ந்து கணக்கிட நாம் சித்தமாயிருக்கிறோம்.