‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும் முன்



கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை எவ்வளவு துல்லியமானது என்பது சென்னையிலும் மதுரையிலும் பலமுறை பேசப்பட்ட பொருள்தான். அதைப் புதூர் வட்டாரத்துக் கிராமங்களின் நடுவே வைத்துப் பேசுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. களையெடுப்பையோ வத்தல் பறிப்பையோ விட்டுவிட்டு, தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு பெண் பரிசோதனைக்கு வந்தால், அன்றைய கூலி போகிறது. ‘சந்தேகமாக இருக்கிறது, தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்றால் இன்னொரு நாள் கூலியோடு துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. ‘ஒன்றுமில்லை’ என்றால் அவர் அடுத்த சில ஆண்டுகளுக்கு இந்தப் பக்கம் வரப்போவதில்லை. இரண்டு சொல்லுக்கும் நாம்தான் பொறுப்பு.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடப்பது வி.ஐ.ஏ. என்ற, கண்ணால் பார்க்கும் சோதனை. 3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுத்த திட்டு தெரிகிறதா என்று பார்க்கிறோம். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்த 11 ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் வெளியிட்டார்கள். புற்றுநோய்க்கு முந்தைய முற்றிய மாற்றம் உள்ளவர்களில் 76.8 விழுக்காட்டினரை வி.ஐ.ஏ. கண்டுபிடித்தது, அது இல்லாதவர்களில் 85.5 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயிரம் பெண்களில் 20 பேருக்கு அந்த மாற்றம் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 பேர் பிடிபடுவார்கள், 5 பேரை ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவோம். மீதி 980 பேரில் ஏறக்குறைய 142 பேர் நோயே இல்லாமல் சந்தேகப் பட்டியலில் சேர்வார்கள். நாம் மேல்சோதனைக்கு அனுப்பும் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் மாற்றம் இருக்கும். அந்த மற்ற ஒன்பது பேர் வீட்டில் என்ன பாடுபடுகிறார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அந்த 76.8-ஐயும் அப்படியே நம்பிவிட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆய்வுக்கு ஆய்வு அது 56 முதல் 94 வரை விரிந்து கிடந்தது. அமிலமும் முறையும் ஒன்றாக இருக்க, பார்க்கும் கண்ணும் விளக்கும் பயிற்சியும் வேறுபட்டன. இன்னொரு சங்கடமும் உண்டு. வி.ஐ.ஏ. சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும், கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப்பியும் அதே அமிலத்தையும் அதே வெள்ளைத் திட்டையும்தான் நம்புகிறது. இரண்டும் சேர்ந்தே தவறவிட்ட புண், தவறாகக் கணக்கில் வருவதே இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ, நாம் பார்க்க வேண்டிய உருமாற்றப் பகுதி கருப்பை வாயின் உட்குழலுக்குள் ஏறிவிடுகிறது. தெரியாத இடத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதுவது பரிசோதனை ஆகாது. ‘பார்க்க முடியவில்லை’ என்றே எழுத வேண்டும்.

ஆனாலும் வி.ஐ.ஏ.வை ஒதுக்கிவிட நான் சொல்லவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுவரையுள்ள 31,343 பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பரிசோதித்தார்கள். டாக்டர் சங்கரநாராயணன் குழுவினர் 2007-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டபோது, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில், 2009-இல் வெளிவந்த ஆய்வில், அதே வி.ஐ.ஏ. இறப்பைத் தெளிவாகக் குறைக்கவில்லை; இந்நோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைத் தேடும் சோதனை அதை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. திண்டுக்கல்லில் செவிலியர்களே கால்போஸ்கோப்பி பார்த்து, தகுந்தவர்களுக்கு அதே வருகையில் உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். கண்டுபிடித்த இடத்திலேயே கை வைத்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் இப்போது எச்.பி.வி. சோதனையைத்தான் முதல் சோதனையாகப் பரிந்துரைக்கிறது. பெண்ணே தனியறையில் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். கூச்சத்தால் வராமலிருப்பவர்களை அழைத்துவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் வைரஸ் இருப்பது புற்றுநோய் இருப்பதாகாது. பெரும்பாலோருக்கு அது தானாகவே மறைந்துவிடும். முடிவைச் சொல்பவர் இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், துல்லியமான சோதனையே குடும்பத்தில் தீராத சண்டையாகிவிடும். பாலுறவு வழியே பரவும் வைரஸ் என்பதால், கணவன் மீது சந்தேகம், மனைவி மீது பழி என்று அது எங்கெங்கோ போகும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 30 முதல் 49 வயதுவரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் ஒருமுறையேனும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பத்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அந்தக் கொஞ்சப் பேரிடமாவது நாம் சொல்வது சரியாக இருக்க வேண்டாமா?

ஆகவே இந்த அரங்கில் சில முடிவுகளை எதிர்பார்க்கிறேன். ஒவ்வொரு செவிலியரும் நூறு பேரில் எத்தனை பேருக்குச் சந்தேகம் என்று எழுதுகிறார் என்பதை மாதந்தோறும் பார்க்க வேண்டும். ஒருவர் இரண்டும் இன்னொருவர் முப்பதும் எழுதினால், குறை சொல்வதற்காக அல்ல, மறுபயிற்சிக்காக. மேல்சோதனைக்குப் போனவர்களின் பயாப்சி முடிவு, அனுப்பிய செவிலியரின் கைக்கே திரும்பி வர வேண்டும். தன் கணிப்பு சரியா தவறா என்று தெரியாத கண் எப்படித் தேறும்? பரிசோதனை முகாமின் தேதியை அறுவடைக்கு முன்னும் பின்னும் பார்த்து ஊர்க்காரர்களே குறிக்கட்டும்.

முதல் அமர்வு பரிசோதனை அட்டையைப் பற்றியது. ‘பார்க்க முடியவில்லை’ என்பதற்கு அதில் தனிக் கட்டம் வேண்டும் என்று முன்மொழிகிறேன். அதைப் பற்றி மருத்துவர்களுக்கு முன்பாகக் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் பேசட்டும். அட்டையை நிரப்புகிறவர்கள் அவர்கள்தான்.