ஆகாய விமான நிலையமும் குடியானவன் மானமும்



நான் விமான நிலையத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சில தோழர்களுக்குச் சிரிப்பு வரலாம். பஸ்ஸுக்கே காசில்லாதவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். ஏறுகிறவன் எவனாயிருந்தாலும், அது இறங்குவதற்கு வேண்டிய நிலம் குடியானவன் நிலம்தானே? ஆகவே ஏறாதவனுக்குத்தான் இதில் பேச அதிக பாத்தியதை உண்டு என்பது எனது அபிப்பிராயம்.

விமானம் கூடாதென்று சொல்ல நான் வரவில்லை. புஷ்பக விமானக் கதை கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்ட நாம் பறக்கவில்லை. கணக்குப் போட்டு யந்திரம் செய்தவன் பறந்தான். பிரயாணிகள் பெருகினால் நிலையமும் பெருக வேண்டியதுதான். யாரைக் கேட்டுப் பெருக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஜப்பான் தேசத்துச் சங்கதியைக் கேளுங்கள். டோக்கியோ நகரத்து ஹனேடா நிலையம் 1960-க்குப் பிறகு இடம் போதாமல் திணறிற்று. கடலைத் தூர்த்து அதைப் பெரிதாக்குவது ஆகாத காரியம் என்று சொல்லிவிட்டு, சர்க்கார் முதலில் டோமிசாட்டோ என்னும் ஊரைக் குறித்தது. அங்கே குடியானவர்கள் எதிர்த்தார்கள். உடனே 1966 ஜூலை 4-ந் தேதி மந்திரிமார் கூடி, பக்கத்திலுள்ள சான்ரிசுக்கா என்று தீர்மானித்துவிட்டார்கள். ஏன் சான்ரிசுக்கா? அங்கே ராஜாவுக்கு ஒரு பண்ணை இருந்தது. அது லேசாகக் கிடைக்கும். மிச்ச நிலம் ஏழைகளுடையது. அதுவும் லேசாகக் கிடைக்கும் என்று எண்ணினார்கள். ராஜாவின் பண்ணைக்கு வேறு ஜில்லாவில் இடம் கிடைத்தது. ஏழைகளோ, 1945-ல் யுத்தம் முடிந்தபின் அதே சர்க்கார் குடியேற்ற, காட்டை வெட்டி வேர் பிடுங்கிக் கழனி செய்தவர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோவிலில் குருக்கள் "சாமி உத்தரவு, ஏனென்று கேட்காதே" என்கிறான். சர்க்கார் நிபுணர் "தேசத்தின் தேவை, ஏனென்று கேட்காதே" என்கிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? உடை ஒன்றுதான் வித்தியாசம்!

பிறகு என்ன நடந்தது? 1971-ல் நிலத்தைப் பலவந்தமாக எடுக்கப் போலீசு வந்தபோது, பெண்களும் கிழவர்களும் மரத்தோடு தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டார்கள். பூமிக்குள் சுரங்கம் தோண்டிப் புகுந்துகொண்டார்கள். அவ்வருஷம் செப்டம்பரில் 3 போலீசார் மாண்டார்கள். அதை நான் மெச்சவில்லை. அவர்களும் சம்பளத்திற்கு வந்த பிள்ளைகள்தானே? அனுப்பிய மந்திரிக்கு ஒரு கீறலும் இல்லை! 1978 மார்ச்சில், திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, எதிர்ப்புக்காரர் கோபுரத்தில் ஏறிக் கருவிகளை நொறுக்கினார்கள். 1971-ல் திறக்க வேண்டிய நரிட்டா நிலையம் 1978 மே 20-ந் தேதிதான் திறந்தது. மூன்று ஓடுபாதை போட்ட திட்டத்தில் கிடைத்தது ஒன்று. இரண்டாவது 2002-ல் வந்தது. அதுவும் நிலம் கிடைக்காமல் 2,180 மீட்டரில் நின்றது. பெரிய விமானங்களுக்கு அது போதவில்லை.

கேட்டுச் செய்ய நேரமில்லை என்றவர்கள் கேளாமல் செய்து எத்தனை வருஷத்தைத் தொலைத்தார்கள், பாருங்கள்!

அது மட்டுமா? ஆகாத காரியம் என்றார்களே, கடலைத் தூர்ப்பது, அதையே பிறகு செய்தார்கள். ஒசாக்கா பக்கத்தில் கடலுக்குள் தீவு கட்டி 1994-ல் கன்சாய் நிலையத்தைத் திறந்தார்கள். ஹனேடாவையும் கடல் பக்கமாக நீட்டி 2010-ல் நான்காவது ஓடுபாதை போட்டார்கள். அப்படியானால் 1966-ல் ஆகாதது எது? கடலைத் தூர்ப்பதா, அல்லது குடியானவனை மனிதனாக மதிப்பதா?

புத்தி கடைசியில் வராமற்போகவில்லை. 1991 முதல் சர்க்காரும் குடியானவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள். பலவந்தமாக நிலம் எடுக்கும் வழியைச் சர்க்கார் கைவிட்டது. 1995-ல் பிரதம மந்திரி முராயாமா மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பால் கழனி திரும்பாது. ஆனாலும் ஒரு பிரதம மந்திரி உழுகிறவனிடம் தலை வணங்குவது சாமானியமல்ல.

இப்போது மறுபடியும் விஸ்தரிப்பு. வருஷத்திற்கு 3 லட்சம் தடவை விமானம் ஏறி இறங்குவதை 5 லட்சமாக்க 2018-ல் ஒப்பந்தம் செய்து, மூன்றாவது ஓடுபாதை போடுகிறார்கள். இத்தடவை சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு பேசினார்கள். நல்லதுதான். ஆனால் 2023 பிப்ரவரியில், நிலையத்தின் நடுவே குத்தகை நிலத்தை விடாமல் உழுதுவந்த ஒரு குடியானவரின் கொட்டகைகளைப் போலீசு காவலோடு பிடுங்கினார்கள். பலவந்தம் இல்லையென்றீர்களே என்று கேட்டால், "நாங்கள் செய்யவில்லை, கோர்ட்டு செய்தது" என்று பதில் வரும்.