மூழ்காத பெயர்கள்



பிள்ளைகளின் ஆண்மக்களை நாம் பேரன் என்று அழைக்கிறோம். பெயரன் என்பதே அச்சொல்லின் பழைய வடிவம். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து குடியேறிய பின்னும் நம்மில் பலர் இவ்வழக்கைக் கைவிடவில்லை. மனிதருக்கு மட்டுமன்றிக் கப்பல்களுக்கும் இம்முறையைக் கையாள்பவர் உண்டு. அவர்கள் பிரிட்டிஷ் கடற்படையினர்.

1588-ஆம் ஆண்டு ஸ்பானிய அர்மடாவை எதிர்த்து நின்ற ஆங்கிலப் படையின் தலைமைக் கப்பல் ஆர்க் ராயல். அதன்பின் அப்பெயர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்தது. 1914-இல் கடல் விமானங்களைத் தாங்கும் கப்பல் ஒன்றுக்கு அதைச் சூட்டினர். பின்னர்ப் பெரிய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றைக் கட்ட முனைந்தபோது, 1934-இல் பழைய கப்பலுக்குப் பெகாசஸ் என்று வேறு பெயரிட்டு, ஆர்க் ராயல் என்னும் பெயரைப் புதியதற்கென ஒதுக்கினர். அப்புதிய கப்பல் 1941 நவம்பரில் ஜிப்ரால்டருக்கு அருகே ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்குண்டு மூழ்கிற்று. பெயர் மூழ்கவில்லை. 1955-இலும் 1985-இலும் பணியேற்ற இரு விமானந்தாங்கிக் கப்பல்கள் அதனை ஏந்தின. அவற்றுள் பிந்தியது 2011-இல் ஓய்வு பெற்றது.

இது வெறும் பழமைப் பற்று அன்று. ஒரு கப்பல் பங்குகொண்டு புகழ் ஈட்டிய போர்களின் பெயரும் ஆண்டும், பின்னர் அதே பெயரைப் பெறும் கப்பலுக்கு உரிமையாகின்றன. அவற்றைப் பலகையில் பொறித்துக் கப்பலில் வைக்கின்றனர். இவ்வுரிமைகளை 1954-இல் ஆராய்ந்து ஒழுங்குபடுத்தினர். நேற்றுச் சேர்ந்த மாலுமி, தான் பிறப்பதற்குப் பன்னெடுங்காலம் முன்பு நிகழ்ந்த போர்களின் பட்டியலை நாள்தோறும் காண்கிறான். தனக்கு முன் அப்பெயரின் கீழ்ப் பணியாற்றியவர் யார், அவர்கள் செய்தது என்ன என்பதை அறிகிறான்.

கப்பலை விற்றாலும் பெயரை அவர்கள் விற்பதில்லை. மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9-ஆம் நாள், ஹெர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அப்பெயரை 1959-இல் வேறொரு கப்பல் ஏற்றது. அது 1987-இல் இந்தியாவிடம் வந்தபோது விராட் ஆயிற்று. அக்கிலீஸ் என்னும் கப்பலின் கதையும் இத்தகையதே. 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கரையோரம் ஜெர்மானியரின் கிராஃப் ஸ்பே கப்பலோடு பொருதிய அது, 1948-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து டெல்லி எனப் பெயர் பெற்று, 1978 வரை உழைத்தது. அக்கிலீஸ் என்னும் பெயரோ பிரிட்டிஷாரிடமே நின்றது. கட்டப்பட்டு வந்த ஒரு நீர்மூழ்கிக்கு முன்பு குறித்திருந்த அஜின்கோர்ட் என்னும் பெயரை நீக்கி, 2025 சனவரியில் அக்கிலீஸ் என்று அறிவித்தனர்.

நம் கடற்படையும் இம்மரபைத் தனதாக்கிக்கொண்டது. 1961-இல் பணியேற்ற விக்ராந்த் 1997-இல் ஓய்வு பெற்றது. அப்பெயருடன் கொச்சியில் கட்டிய புதிய கப்பல் 2022-இல் பணியேற்றது. 1971 டிசம்பர் 9-ஆம் நாள் அரபிக்கடலில் குக்ரி மூழ்கியபோது, கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா தம் கப்பலை விட்டு அகல மறுத்து அதனுடனேயே மடிந்தார். துயரம் படிந்த பெயரென்று அதனை ஒதுக்கிவிடவில்லை. 1989-இல் புதிய குக்ரி பணிக்கு வந்தது.

நேயர்களே, வேற்று மாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளில் பலர் பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குகின்றனர். பள்ளிப் பதிவேட்டில் அப்பெயர் சுருங்கியிருக்கலாம். பிறமொழியாளர் நாவில் திரிந்துமிருக்கலாம். அதனால் பெரிய இழப்பில்லை. பெயருக்குரியவர் எவ்வூரினர், என்ன தொழில் செய்தார், எந்த இடரைத் தாங்கினார் என்பதைக் குழந்தை அறியாதிருப்பதே இழப்பு. கடற்படையார் பெயரைக் கொடுக்கும்போது வரலாற்றையும் சேர்த்தே கொடுக்கின்றனர். நாமும் ஒரு தாளில் பத்து வரி எழுதி, பெயரோடு சேர்த்துக் குழந்தைகளிடம் கொடுக்கலாம். அறிந்தவர் வீட்டில் இருக்கும்போதே அதனை எழுதிவிடுவது நன்று.