கேட்டுவிட்டுக் கட்டியவர்



புதிய வகுப்பறைக் கட்டடத்துக்கு நாம் நிதி திரட்டும் இவ்வேளையில், கட்டடம் கட்டிய ஒரு பெண்ணைப் பற்றிப் பேச விரும்பினோம். அவர் மினெற் டி சில்வா. 1918இல் பிறந்த கண்டிப் பெண். தாயார் அக்னஸ், டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களுள் ஒருவர்.

மகள் பம்பாயில் கட்டடக்கலை படிக்கும்போது, காந்தியை விடுதலை செய்யக் கோரிய ஊர்வலத்தில் போனதற்காக விலக்கப்பட்டார். (வகுப்புக்குக் கள்ளமடித்து நாம் வெயிலில் நின்றதும் உண்டு, காரணம்தான் அவ்வளவு உயர்ந்ததல்ல.) பின்பு இலண்டனில் படித்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் ஆனார்.

ஊர் திரும்பிக் கண்டி மலைச்சரிவில் கருணாரத்ன வீட்டைக் கட்டினார். நிலத்தை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவுக்கேற்ப வீட்டையே தட்டுத்தட்டாக இறக்கினார். கொங்கிறீற்றோடு உள்ளூர்க் கைவினைஞரின் சுட்ட ஓடுகளும் தும்பறைப் பாய் நெசவும் சேர்ந்தன. ஜெப்ரி பாவாவின் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். அவர் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம்மை மிகவும் கவர்ந்தது வட்டபுளுவ வீடமைப்புத் திட்டம். சுமார் 250 வீடுகள். பல இன, மத, வருமானக் குடும்பங்கள். எல்லோருக்கும் ஒரே படத்தை நீட்டாமல், குடிவரப் போகிறவர்களுக்கு வினாக்கொத்துக் கொடுத்தார். எப்படிச் சமைப்பீர்கள், எப்படி வாழ்வீர்கள் என்று கேட்டு, அதற்கேற்ற மாதிரி வீடுகளை வரைந்தார். அது 1958. நம் தாய்மார் மறக்காத ஆண்டு.

இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் தங்கப் பதக்கம் அவருக்கு 1996இல்தான் கிடைத்தது. 1998இல் கண்டியிலேயே காலமானார்.

நம் காலத்தில் மலசலகூடம் வகுப்புகளுக்கு வெகுதூரத்தில் இருந்தது. கதவுக்குக் கொண்டியும் இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்தோம். சிறுநீர்த் தொற்றோடு வரும் பாடசாலைப் பிள்ளைகளிடம் இன்றும் இதே கதையைத்தான் கேட்கிறோம். நம்மிடம் யாரும் கேட்டுக் கட்டவில்லை.

ஆகவே, புதிய கட்டடத்தின் வரைபடம் முடிவாகுமுன் தரம் 6 முதல் 13 வரையான மாணவிகளிடம் வினாக்கொத்துக் கொடுத்திருக்கிறோம். முதலில் திரும்பி வந்த தாளில் மூன்றே சொற்கள்: "கொண்டி, வாளி, வெளிச்சம்." வரைபவரிடம் அந்தத் தாளை அப்படியே கொடுத்துவிட்டோம்.