மண்ணிடம் பாடம் கேட்டவர்கள்



1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் பிடிமண்ணை ஒரே தாழியில் இட்டு, புதுவைக்கு வடக்கே ஆரோவில் தொடங்கப்பெற்றது. தொண்டாற்ற வந்த அயல்நாட்டு இளைஞர்களை வரவேற்றவை, மழை அரித்த செம்மண் மேடும் கொளுத்தும் வெயிலுமே. கீற்றுக் குடிசைகளில் வாழ்ந்தனர்; ஊராரோடு சேர்ந்து கரையெழுப்பி மழைநீரைத் தேக்கினர்; கன்றுகள் நட்டனர். இன்று அம்மேட்டில் காடு நிற்கிறது.

கொடுக்க வந்தவர் முதலில் கேட்கக் கற்கவேண்டும். மரத்தின் பெயரை உழவரிடம் தமிழில் கேட்டறிந்தவருக்கே அயலூர் தம் ஊராகும். புதுவையிற் பிறந்த நாம் அக்காட்டின் மரங்களுள் எத்தனையைப் பெயர்சொல்லி அழைப்போம்? 'மரம்' என்று மட்டும் எழுதிச் செல்லும் நம் கவிதை, சொந்த மண்ணிலேயே அயலாள் அன்றோ? அடுத்த கூட்டத்திற்கு வருமுன், ஒரே ஒரு மரத்தின் பெயரையேனும் அறிந்து வருவோம்.